தீர விசாரிப்பதே மெய்: ஆய்விதழுக்கு ஒரு புகார் வரும்போது

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் இடம்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது பாட்டி முதல் பேரன் வரை எல்லாரும் அறிந்த பழமொழி. குடும்பச் சண்டையிலும் கோயில் நிர்வாகச் சண்டையிலும் இதைச் சொல்வார்கள். உலகின் பெரிய மருத்துவ ஆய்விதழ்களுக்கும் இதே பழமொழி பொருந்தும் என்றால் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். இன்றைய உரை அதைப் பற்றியதுதான். ஓர் ஆய்விதழில் வந்த கட்டுரை பொய்யானது என்று யாரோ ஒருவர் புகார் செய்கிறார். அந்தப் புகாரை இதழாசிரியர் என்ன செய்ய வேண்டும்?

ஆய்விதழ் பேராசிரியர்கள் படிப்பது, சாதாரண மக்களுக்கு இதனால் என்ன என்று கேட்கத் தோன்றும். குழந்தைக்கு எந்தத் தடுப்பூசி போடுவது, அப்பாவின் இரத்த அழுத்தத்துக்கு எந்த மாத்திரை கொடுப்பது, அம்மாவின் நீரிழிவுக்கு எது பாதுகாப்பானது என்பதையெல்லாம் மருத்துவர்கள் ஆய்வுக் கட்டுரைகளை அடிப்படையாக வைத்தே முடிவு செய்கிறார்கள். கிணற்றில் நஞ்சு கலந்தால் கிணற்றடிக்கே போகாத வீட்டுக்கும் ஆபத்துதான்.

நம்பிக்கையே மூலதனம்

ஆய்வாளர் ஒருவர் கட்டுரை எழுதி அனுப்புகிறார். இதழாசிரியர் அதை அத்துறை அறிந்த இருவர் அல்லது மூவரிடம் மதிப்பீட்டுக்குக் கொடுக்கிறார். அவர்கள் படித்துக் குறைகளைச் சொல்கிறார்கள். திருத்தம் முடிந்ததும் கட்டுரை வெளியாகிறது. இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மதிப்பீட்டாளர் யாரும் ஆய்வகத்திற்கு நேரில் போவதில்லை. நோயாளிகளின் கோப்புகளைப் புரட்டுவதும் இல்லை. கட்டுரையாளர் எழுதியது நடந்தது என்று நம்பித்தான் படிக்கிறார்கள்.

நம்பிக்கையை நம்பி நடக்கும் இடத்தில் ஏமாற்றவும் வழி இருக்கிறது. ஆய்வுலகில் பெரிய குற்றங்கள் மூன்று. இல்லாத தரவை உண்டாக்குவது புனைதல். இருக்கும் தரவை மாற்றுவது திரித்தல். பிறர் எழுத்தையும் கருத்தையும் தனதாக்கிக்கொள்வது திருடுதல். இவை தவிர, ஒரே கட்டுரையை இரண்டு இதழ்களுக்குக் கொடுப்பது, உழைக்காதவர் பெயரைச் சேர்ப்பது, உழைத்தவர் பெயரை விடுவது, பணம் கொடுத்தவர் யார் என்பதை மறைப்பது, நோயாளியின் சம்மதமும் நெறிக்குழுவின் அனுமதியும் இல்லாமல் ஆய்வு செய்வது ஆகியவையும் புகாருக்கு உரியவையே.

மதிப்பீட்டில் தப்பிவிட்ட பிழையைப் பெரும்பாலும் வெளியில் இருந்து ஒருவர்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. அவர் எழுதும் புகார்க் கடிதம் இதழுக்குக் கிடைக்கும் இரண்டாவது வாய்ப்பு. அதைப் பயன்படுத்திக்கொள்ளாத இதழால் என்ன நேர்ந்தது என்பதற்கு வரலாறே சாட்சி.

பன்னிரண்டு குழந்தைகள், பன்னிரண்டு ஆண்டுகள்

1998ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் பிரிட்டனின் புகழ்பெற்ற 'தி லான்செட்' மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் அவருடன் இருந்தவர்களும் எழுதியது. அதில் ஆராயப்பட்ட குழந்தைகள் 12 பேர் மட்டுமே. தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா ஆகிய மூன்று நோய்களுக்கும் சேர்த்துப் போடும் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற ஐயத்தை அது கிளப்பியது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பிள்ளைகளுக்குப் போடப்படுவதும் இந்த முத்தடுப்பூசிதான்.

பெற்றோர் பயந்தார்கள். பயந்தவர்களைக் குறை சொல்ல முடியாது. பெரிய மருத்துவமனை, பெரிய இதழ், பெரிய செய்தி.

2004ஆம் ஆண்டு பிப்ரவரியில் 'தி சண்டே டைம்ஸ்' செய்தியாளர் பிரையன் டீர் தாம் கண்டறிந்தவற்றை 'லான்செட்' ஆசிரியர்களிடம் நேரில் எடுத்துரைத்தார். தடுப்பூசி நிறுவனங்கள்மீது வழக்குத் தொடுக்க முனைந்த வழக்கறிஞர்கள் வழியாக வேக்ஃபீல்டின் ஆய்வுக்குப் பணம் வந்திருந்தது. அக்குழந்தைகளில் சிலர் அந்த வழக்கோடு தொடர்புடையவர்கள். இதெல்லாம் கட்டுரையில் சொல்லப்படவில்லை. குழந்தைகள் தேர்ந்தெடுக்கப்பட்ட விதத்திலும் நெறிக்குழு அனுமதியிலும்கூடக் கேள்விகள் எழுந்தன.

இதழ் என்ன செய்தது? சில நாட்களிலேயே பதில் அறிக்கை வெளியிட்டது. பணத் தொடர்பை மறைத்தது தவறு என்று ஒப்புக்கொண்டது. மற்ற முக்கியமான குற்றச்சாட்டுகளுக்கு ஆதாரம் இல்லை என்றது. அந்தப் பதிலுக்கு அடிப்படை எது? கட்டுரையை எழுதியவர்களில் சிலரும், அவர்கள் வேலை செய்த மருத்துவமனையும் தந்த விளக்கமே. இதைத்தான் நம் பெரியவர்கள் வேலிக்கு ஓணான் சாட்சி என்றார்கள்.

அடுத்த மாதம் கட்டுரையாளர்களில் 10 பேர் தடுப்பூசியைப் பற்றிய விளக்கத்தை மட்டும் மீட்டுக்கொண்டார்கள். கட்டுரை அப்படியே நின்றது. பிறகு பிரிட்டனின் பொது மருத்துவ மன்றம் விசாரணையைத் தொடங்கியது. அங்கேதான் மூலக் கோப்புகள் ஒவ்வொன்றாகப் பார்க்கப்பட்டன. 2010 ஜனவரி 28ஆம் நாள், வேக்ஃபீல்டு நேர்மையற்று நடந்தார் என்று மன்றம் கண்டது. பிப்ரவரி 2ஆம் நாள் 'லான்செட்' கட்டுரையை முழுமையாக மீட்டுக்கொண்டது. அதே ஆண்டு மே மாதம் அவர் பெயர் மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது.

கட்டுரை வந்து 12 ஆண்டுகள். புகார் வந்து 6 ஆண்டுகள்.

இதற்கிடையில் இங்கிலாந்தில் இரண்டு வயதுக்குள் இத்தடுப்பூசி போட்டுக்கொண்ட குழந்தைகளின் விகிதம் 2003-04இல் ஏறத்தாழ 80 விழுக்காடாகச் சரிந்தது. 2008இல் தட்டம்மை மீண்டும் அங்கே நிலைகொண்டுவிட்டதாக அறிவிக்கப்பட்டது. 2012-13இல் வேல்ஸ் நாட்டின் சுவான்சீ வட்டாரத்தில் பரவிய தட்டம்மையில் 1,200 பேருக்கு மேல் நோய் இருக்கலாம் எனப் பதிவானது. ஓர் இளைஞர் உயிரிழந்தார். அந்நோயில் அதிகம் அகப்பட்டவர்கள், பயம் பரவிய காலத்தில் ஊசி போடாமல் விடப்பட்டுப் பின் வளர்ந்த பிள்ளைகள். ஒரு புகாரைச் சரியாக விசாரிக்காததன் விலையை ஆசிரியர் அறையில் இருந்தவர்கள் கொடுக்கவில்லை. யாரோ பெற்ற பிள்ளைகள் கொடுத்தார்கள்.

அதே இதழ், பதின்மூன்று நாட்கள்

காட்சி மாறுகிறது. 2020 மே 22ஆம் நாள், கோவிட் பெருந்தொற்றின் உச்சத்தில் அதே 'லான்செட்' இதழில் இன்னொரு கட்டுரை வந்தது. ஆறு கண்டங்கள், 671 மருத்துவமனைகள், 96,032 நோயாளிகள். ஹைட்ராக்சிகுளோரோகுயின் மருந்து கொடுக்கப்பட்டவர்களிடையே மரணம் அதிகம் என்றது அக்கட்டுரை. மூன்றே நாளில் உலகச் சுகாதார நிறுவனம் அம்மருந்தைச் சோதிக்கும் பணியைத் தற்காலிகமாக நிறுத்தியது.

இம்முறை புகார்கள் உடனே குவிந்தன. நூற்றுக்கு மேற்பட்ட ஆய்வாளர்கள் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். அவர்கள் கேட்டதெல்லாம் எளிய கணக்கு. ஏப்ரல் 21 வரை ஆஸ்திரேலியாவில் 73 நோயாளிகள் இறந்ததாகக் கட்டுரை சொன்னது. அந்த நாள்வரை ஆஸ்திரேலியா முழுவதும் பதிவான கோவிட் மரணங்களே 67தான். இல்லாத மரணம் எங்கிருந்து வந்தது?

தரவுகள் அனைத்தும் 'சர்ஜிஸ்ஃபியர்' என்ற ஒரு தனியார் நிறுவனத்தின் கையில் இருந்தன. அதன் நிறுவனர் கட்டுரையாளர்களில் ஒருவர். மற்ற மூவர் வெளியாட்களைக் கொண்டு தரவைச் சரிபார்க்க முயன்றார்கள். நிறுவனம் தரவைக் கொடுக்க மறுத்தது. இதழ், கட்டுரையைப் பற்றி ஐயம் எழுந்துள்ளது என்ற எச்சரிக்கைக் குறிப்பை முதலில் வெளியிட்டது. ஜூன் 4ஆம் நாள் அந்த மூவரும் கட்டுரையை மீட்டுக்கொண்டார்கள். மொத்தம் 13 நாட்கள்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. அம்மருந்து கோவிட்டுக்கு உதவவில்லை என்பது அதன் பிறகு முறையாக நடந்த சோதனைகளில் தெரிந்தது. அப்படியானால் மீட்டுக்கொண்டது வீணா? இல்லை. விடை சரியோ தவறோ, கணக்குப் போடாமல் எழுதிய விடைக்கு மதிப்பெண் கிடையாது.

இரண்டு நிகழ்ச்சிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இதழ் ஒன்றே. முதல் முறை குற்றஞ்சாட்டப்பட்டவர்களின் வாய்ச்சொல் போதும் என்று விடப்பட்டது. இரண்டாம் முறை மூலத் தரவைக் காட்டு என்று கேட்கப்பட்டது. காட்ட முடியாதபோது கட்டுரை நிற்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில், ஒன்றுக்கு மேற்பட்ட கட்டுரையாளர்கள் தரவை நேரில் பார்த்துச் சரிபார்த்ததாக உறுதி தர வேண்டும் என்ற விதியையும் இதழ் கொண்டுவந்தது.

முறை என்ன சொல்கிறது?

1997இல் பிரிட்டனில் மருத்துவ இதழாசிரியர்கள் சிலர் கூடி, வெளியீட்டு நெறிகளுக்கென்று ஒரு குழுவை அமைத்தார்கள். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து அதைக் 'கோப்' என்பார்கள். புகார் வந்தால் படிப்படியாக என்ன செய்வது என்பதை இக்குழு வழிகாட்டிப் படங்களாக வரைந்து கொடுத்திருக்கிறது.

முதல் படி, புகார் கிடைத்தது என்று பதில் எழுதுவது. பெயரில்லாக் கடிதம் என்பதற்காகக் குப்பைத் தொட்டியில் போடக் கூடாது. எந்தக் கட்டுரை, எந்தப் படம், என்ன தவறு என்று குறிப்பாகச் சொல்லியிருந்தால் அதையும் பார்க்க வேண்டும். புகார் செய்தவர் தம் பெயர் வெளியே வரக்கூடாது என்று கேட்டால் அதைக் காப்பதும் ஆசிரியர் கடமை.

இரண்டாம் படி, கட்டுரையாளரிடம் கேட்பது. நீ திருடினாய் என்று எழுதுவது முறையன்று. இந்தப் படமும் அந்தப் படமும் ஒன்றுபோல் இருக்கின்றன, விளக்கமும் மூலப் படமும் அனுப்புங்கள் என்று எழுதுவதே முறை. பதில் சொல்ல நியாயமான கால அவகாசமும் தர வேண்டும்.

மூன்றாம் படி, விளக்கம் நிறைவாக இல்லாவிட்டால் அவர் பணிபுரியும் பல்கலைக்கழகத்துக்கோ மருத்துவமனைக்கோ எழுதி விசாரணை கேட்பது. ஆய்வகக் குறிப்பேட்டைக் கைப்பற்றும் அதிகாரம் இதழாசிரியருக்கு இல்லை, நிறுவனத்துக்கு உண்டு. ஆனால் லண்டன் அனுபவம் ஒன்றைக் கற்பித்திருக்கிறது. நிறுவனம் சொல்லிவிட்டது என்பதோடு ஆசிரியர் வேலை முடிவதில்லை. யார் விசாரித்தார்கள், எதைப் பார்த்தார்கள் என்றும் கேட்க வேண்டும். விசாரித்தவருக்கும் விசாரிக்கப்பட்டவருக்கும் உறவு இருந்தால் அந்த முடிவைச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.

நான்காம் படி, முடிவைப் பகிரங்கமாகச் சொல்வது. சிறு பிழை என்றால் திருத்தம். விசாரணை இழுத்துக்கொண்டே போனால் வாசகரை எச்சரிக்கும் குறிப்பு. முடிவுகளை நம்பவே முடியாது என்றால் கட்டுரையை மீட்டுக்கொள்வது. மீட்பது என்றால் அழிப்பது அன்று. கட்டுரை அங்கேயே இருக்கும். மீட்கப்பட்டது, இன்ன காரணத்தால், இன்னாரால் என்ற அறிவிப்பும் அதன் தலையில் இருக்கும்.

புகார் அந்த ஆசிரியர் மீதே என்றால்? அவரே விசாரிக்கக் கூடாது. பதிப்பகத்தாரோ தொடர்பில்லாத வேறொருவரோ விசாரிக்க வேண்டும். இதழ் முறைப்படி நடக்கவில்லை என்று தோன்றினால், அந்த இதழ் உறுப்பியம் பெற்றிருக்கும் பட்சத்தில் 'கோப்' குழுவிடமே முறையிடலாம்.

தராசின் மறுதட்டு

புகார் எல்லாம் உண்மை என்று எண்ணிவிடவும் கூடாது. 1986இல் 'செல்' என்ற அமெரிக்க இதழில் ஒரு கட்டுரை வந்தது. அதை எழுதியவர்களில் ஒருவர் 1975இல் நோபல் பரிசு பெற்ற டேவிட் பால்டிமோர். உடன் எழுதிய தெரேசா இமானிஷி-காரியின் ஆய்வகத்தில் வேலை செய்த மார்கோட் ஓ'டூல் என்ற இளம் ஆய்வாளர், குறிப்பேட்டில் உள்ளதும் கட்டுரையில் உள்ளதும் ஒத்துப்போகவில்லை என்றார். விவகாரம் அமெரிக்க நாடாளுமன்றக் குழு வரை போனது. பால்டிமோர் 1991இல் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத் தலைவர் பதவியைத் துறந்தார். 1994இல் இமானிஷி-காரி குற்றவாளி என்றார்கள். 1996இல் மேல்முறையீட்டுக் குழு எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் அவரை விடுவித்தது.

குற்றஞ்சாட்டப்பட்டவர் பத்தாண்டுகள் தலைகுனிந்து நின்றார். கேள்வி கேட்டவரும் ஆய்வு வேலையை இழந்து அலைக்கழிந்தார். பிழை வேறு, மோசடி வேறு. இரண்டையும் பிரித்தறிய நிதானம் வேண்டும், ஆனால் அந்த நிதானம் பத்தாண்டுத் தாமதமாகிவிடக் கூடாது. திருவள்ளுவர் நடுவு நிலைமைக்கென ஓர் அதிகாரமே ஒதுக்கியிருப்பது நினைவுக்கு வருகிறது. ஆசிரியரின் நாற்காலி அந்தத் தராசின் முள் இருக்க வேண்டிய இடம்.

இந்த வட்டாரத்திலும்

இவையெல்லாம் மேலைநாட்டுக் கதை என்று ஒதுக்க முடியாது. 2012இல் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகம், தன்னிடம் முன்பு பணியாற்றிய நோய் எதிர்ப்பாற்றல் ஆய்வாளர் ஒருவரின் ஏறத்தாழ 70 கட்டுரைகளை ஆராய்ந்து, 21 கட்டுரைகளில் முறைகேடு இருப்பதாக அறிவித்தது. உடன் எழுதியவர்களுக்குப் பங்கு இருந்ததற்கு ஆதாரம் இல்லை என்றும் சொன்னது. தவறு செய்தவரைச் சுட்டுவது போலவே, தவறு செய்யாதவர் பெயரைக் காப்பதும் விசாரணையின் பயன்.

2016இல் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிலரின் கட்டுரையில் ஒரே உயிரணுப் படம் பல இடங்களில் திரும்பத் திரும்ப வந்திருப்பதை வாசகர்கள் சமூக ஊடகத்தில் சுட்டிக்காட்டினார்கள். பல்கலைக்கழகம் விசாரணைக் குழு அமைத்து, சில வாரங்களிலேயே நான்கு கட்டுரைகளில் படங்கள் மாற்றப்பட்டிருந்ததாக அறிவித்தது. அடுத்த ஆண்டு, 2017இல், பொறுப்புடன் ஆய்வு நடத்துவதற்கான மலேசிய நெறித்தொகுப்பு வெளியானது. அதற்கு முன்பே, 2010இல், ஆய்வு நேர்மை பற்றிய உலக மாநாடு சிங்கப்பூரில்தான் கூடியது. அங்கு உருவான 'சிங்கப்பூர் அறிக்கை', முறைகேட்டைக் கண்டால் தெரிவிப்பதும், தெரிவித்தவரைப் பாதுகாப்பதும் பொறுப்பு என்று கூறுகிறது.

பெற்றோருக்கும் மாணவருக்கும்

இன்று தமிழ்க் குடும்பங்களிலிருந்து முதுநிலை, முனைவர்ப் பட்ட ஆய்வுக்குப் போகும் பிள்ளைகள் பலர். அவர்களில் ஒருத்தி தன் மேற்பார்வையாளரின் கட்டுரையில் ஒரு படம் சரியில்லை என்று காண்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். சொன்னால் பட்டம் போய்விடுமோ என்று பயம். சொல்லாவிட்டால் மனசாட்சி உறுத்தும். வீட்டில் சொன்னால், உனக்கேன் வம்பு, படிப்பை முடித்துக்கொண்டு வா என்பார்கள். அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆனால் நாளை அந்தக் கட்டுரையை நம்பி மருந்து கொடுக்கப்படும் நோயாளியும் ஒரு வீட்டுப் பிள்ளைதான்.

அவள் செய்யக்கூடியது இது. கட்டுரையின் பெயர், படத்தின் எண், கண்ட வேறுபாடு, அதற்கான சான்று ஆகியவற்றை மட்டும் எழுத வேண்டும். ஏன் செய்தார், எதற்காகச் செய்தார் என்ற ஊகம் வேண்டாம். கோபச் சொற்கள் வேண்டாம். சான்றுகளின் நகலைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். பல்கலைக்கழகத்தில் ஆய்வு நேர்மைக்கான அலுவலகம் இருந்தால் அங்கே முதலில் ஆலோசனை கேட்கலாம். பெயரை வெளியிட வேண்டாம் என்று இதழிடம் வெளிப்படையாகக் கேட்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, தான் தவறாகப் புரிந்துகொண்டிருக்கவும் கூடும் என்பதை மனத்தில் வைத்து, தீர்ப்பாக எழுதாமல் கேள்வியாக எழுத வேண்டும்.

ஆம், அன்பர்களே. புகார் என்பது ஒரு கேள்விதான். கேட்டவர் யார், அவர் நோக்கம் என்ன, கட்டுரையாளர் எவ்வளவு பெரியவர், இதழின் மானம் என்னாகும் என்பதெல்லாம் விடையாகாது. விடை ஆய்வகக் குறிப்பேட்டில் இருக்கிறது, நோயாளியின் கோப்பில் இருக்கிறது. அதைத் திறந்து காட்டுங்கள் என்று சொல்லும் துணிவு இதழாசிரியருக்கு வேண்டும். திறந்து காட்டும் நேர்மை ஆய்வாளருக்கு வேண்டும். பொறுமையோடு கேட்கும் பண்பு புகார் செய்பவருக்கு வேண்டும். இம்மூன்றும் சேர்ந்தால், கிளினிக்கில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஊசிக்காகக் காத்திருக்கும் தாய் அச்சமின்றி இருக்கலாம்.